ஆள் இருக்கிறாரா, போய்விட்டாரா? பொதுக் கழிப்பறை விளக்கின் வரலாறு



‘அறிவியல் முன்னேற்றம்’, ‘மின்சாரச் சிக்கனம்’ போன்ற தலைப்புகள் தேர்வில் வந்தால் பலரின் கட்டுரை கைப்பேசி, இணையம், சூரியசக்தி என்ற மூன்று எடுத்துக்காட்டுகளோடு நின்றுவிடுகிறது. திருத்துகிறவர் அதே மூன்றைத்தான் ஐம்பது தாள்களில் படிக்கிறார். இந்தக் கட்டுரை உங்களுக்கு ஒரு புதிய எடுத்துக்காட்டைத் தருகிறது. அது நீங்கள் தினமும் பார்க்கிற ஒன்றுதான். பேரங்காடியில் கழிப்பறைக்குள் கால் வைத்ததும் விளக்கு தானாக எரிகிறது, இல்லையா? அதற்குக் காரணமான கருவிக்கு இருப்பு உணரி என்று பெயர். பேச்சு வழக்கில் ‘சென்சார்’ என்கிறோம். சிங்கப்பூரில் ‘உணர்கருவி’ என்றும் எழுதுவார்கள்.

கூரையில் ஒட்டியிருக்கும் அந்தச் சின்ன வெள்ளைக் குமிழுக்கு முந்நூறு ஆண்டு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் இன்னும் முழுதாகத் தீராத ஒரு சிக்கலும் உண்டு. இரண்டையும் வரிசையாகப் பார்ப்போம்.

1. சுவிட்ச் யாருடைய கையில்?

மின்விளக்கு வந்த தொடக்கத்தில் அதை அணைப்பதே ஒரு தொல்லை. சுவிட்சின் இரண்டு உலோகத் தொடுமுனைகள் மெதுவாகப் பிரியும்போது இடையில் தீப்பொறி பறக்கும். உலோகம் சீக்கிரம் தேய்ந்துபோகும். 1884இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜான் ஹென்றி ஹோம்ஸ் என்பவர், தொடுமுனைகள் சட்டென்று பிரியும்படி ஒரு சுவிட்சை உருவாக்கினார். இன்று நம் வீட்டுச் சுவரில் ‘டக்’ என்று ஒலிக்கும் சுவிட்ச் அந்த வழியில் வந்ததுதான்.

வீட்டில் இந்த ஏற்பாடு நன்றாகவே நடக்கிறது. ஏன்னா, விளக்கைப் போடுகிறவரும் மின்கட்டணம் கட்டுகிறவரும் ஒரே குடும்பம். “லைட்டை அணைச்சிட்டு வா” என்று அம்மா ஒரு குரல் கொடுத்தால் போதும்.

பொதுக் கழிப்பறையில் நிலைமை வேறு. பயன்படுத்துகிறவர் முன்பின் தெரியாதவர். கட்டணம் கட்டுவது கட்டட நிர்வாகம். சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தாலும் அதைத் தொட யாருக்கும் விருப்பமில்லை. ‘அடுத்து யாராவது வருவாங்க’ என்று நினைத்து எல்லாரும் போய்விடுகிறார்கள். அந்த விளக்கு எல்லாருக்கும் பொது என்பதாலேயே அதை அணைக்கும் பொறுப்பு ஒருவருக்கும் இல்லாமல் போனது. விளைவு, இரவும் பகலும் ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

2. 1973: எண்ணெய் விலை கற்றுக்கொடுத்த பாடம்

மின்சாரம் மலிவாக இருந்தவரை இதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. 1973 அக்டோபரில் மத்திய கிழக்கில் போர் மூண்டது. அரபு எண்ணெய் ஏற்றுமதி நாடுகள், இஸ்ரேலை ஆதரித்த அமெரிக்கா முதலிய நாடுகளுக்கு எண்ணெய் அனுப்ப மறுத்தன. ஒரு பீப்பாய் ஏறத்தாழ 3 டாலராக இருந்த விலை 1974 தொடக்கத்தில் 12 டாலரை நெருங்கியது. கிட்டத்தட்ட நான்கு மடங்கு!

கட்டடங்கள் எவ்வளவு ஆற்றலை விழுங்குகின்றன என்று அப்போதுதான் அரசாங்கங்கள் கூர்ந்து பார்த்தன. 1975இல் அமெரிக்காவின் ஆஷ்ரே என்ற பொறியாளர் சங்கம் கட்டடங்களுக்கான தன் முதல் ஆற்றல் தரநிலையை வெளியிட்டது. 1978இல் கலிபோர்னியா மாநிலம் கட்டட ஆற்றல் விதிகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ‘ஆளில்லாத அறையில் விளக்கு எரியக்கூடாது’ என்ற அம்மாவின் விதி மெல்ல மெல்லச் சட்டப் புத்தகத்துக்குள் நுழைந்தது.

ஆனால் அம்மாவின் கண் ஒவ்வொரு கழிப்பறையிலும் இருக்க முடியாதே! அந்தக் கண்ணுக்குப் பதிலாக என்ன வைப்பது? விடை, வேறு வேலைக்காக முன்பே தயாராக இருந்தது.

3. திருடனைப் பிடிக்க வந்த கருவி

இருப்பு உணரியின் மூதாதை, திருட்டு எச்சரிக்கைக் கருவி. இதில் இரண்டு வகை முக்கியமானவை.

முதல் வகை மீயொலி உணரி. மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை இது அறைக்குள் பரப்பும். திரும்பி வரும் எதிரொலியைக் கேட்கும். எதிரே ஏதாவது அசைந்தால் எதிரொலியின் அதிர்வெண் மாறும். ஆம்புலன்ஸ் நம்மை நோக்கி வரும்போது சைரன் ஒரு மாதிரியும், கடந்து போனதும் வேறு மாதிரியும் கேட்கிறதே, அதே தத்துவம்தான். கிறிஸ்டியான் டாப்ளர் 1842இல் விளக்கியதால் இதை டாப்ளர் விளைவு என்கிறோம். அமெரிக்காவின் சாமுவேல் பேக்னோ 1950களில் இதைக் கொண்டு திருட்டு எச்சரிக்கைக் கருவி அமைத்தார்.

இரண்டாம் வகை அகச்சிவப்பு உணரி. இன்று நாம் கூரையில் அதிகம் பார்ப்பது இதைத்தான். இது எந்த அலையையும் வெளியே அனுப்புவதில்லை. நம் உடலிலிருந்து வரும் வெப்பக் கதிரை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். இதன் பின்னால் மூன்று பழைய கண்டுபிடிப்புகள் இருக்கின்றன.

ஒன்று, இலங்கைக் கல். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு வணிகர்கள் இலங்கையிலிருந்து ஒருவகை மணிக்கல்லை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். சூடாக்கினால் அது சாம்பலைத் தன்பக்கம் இழுத்தது. அதனால் ‘சாம்பல் இழுப்பான்’ என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். அதுதான் டூர்மலின். ‘தோரமல்லி’ என்ற சிங்களச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. வெப்பம் மாறும்போது கல்லின் இரு முனைகளிலும் எதிரெதிர் மின்னூட்டம் தோன்றுகிறது என்று 1756இல் ஏபினஸ் என்ற அறிஞர் காட்டினார். 1824இல் டேவிட் புரூஸ்டர் இதற்கு ஆங்கிலத்தில் பெயர் சூட்டினார். தமிழில் வெப்பமின் விளைவு எனலாம். இன்றைய உணரிக்குள் இலங்கைக் கல் இல்லை. அதே பண்புள்ள செயற்கைப் பொருள்கள் இருக்கின்றன.

இரண்டு, கண்ணுக்குத் தெரியாத ஒளி. 1800இல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியைப் பட்டகத்தால் நிறங்களாகப் பிரித்தார். சிவப்புக்கு அப்பால், எந்த நிறமும் தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார். அங்கேதான் சூடு அதிகமாக இருந்தது! அகச்சிவப்புக் கதிர் கண்டுபிடிக்கப்பட்டது இப்படித்தான். நம் தோலும் இந்தக் கதிரை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. 9, 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி அது மிகுதியாக இருக்கும்.

மூன்று, கலங்கரை விளக்கத்தின் கண்ணாடி. 1820களில் பிரெஞ்சு அறிஞர் அகஸ்டின் பிரெனெல், வளைய வளையமாகச் செதுக்கிய மெல்லிய லென்ஸைக் கலங்கரை விளக்கத்துக்காக உருவாக்கினார். உணரியின் வெள்ளை மூடியை உற்றுப் பாருங்கள். அந்தக் கட்டம் கட்டமான கோடுகள் வெறும் அலங்காரம் அல்ல. பிளாஸ்டிக்கில் செய்த பிரெனெல் லென்ஸ்கள். கப்பலுக்காக ஒளியை வெளியே அனுப்பிய அதே லென்ஸ், இங்கே நம் உடல் வெப்பத்தை உள்ளே குவிக்கிறது. அறையை அது விசிறிபோலப் பல மண்டலங்களாகப் பிரித்துக்கொள்கிறது. நாம் ஒரு மண்டலத்திலிருந்து இன்னொன்றுக்கு நகரும்போது உணரிக்குள் ஒரு சிறு மின்துடிப்பு எழும், விளக்கு எரியும்.

4. கேள்வி மாறியபோது வந்த சிக்கல்

இனிதான் கட்டுரையின் மையம். இதை மனத்தில் இருத்துங்கள்.

திருட்டு எச்சரிக்கைக் கருவி கேட்கும் கேள்வி: ‘யாராவது வந்துவிட்டார்களா?’ இதற்கு விடை எளிது. திருடன் நடந்துதான் ஆகவேண்டும். நடந்தால் அசைவு; அசைவு இருந்தால் மணி அடிக்கும்.

விளக்கை அணைக்கும் கருவி கேட்கும் கேள்வி: ‘எல்லாரும் போய்விட்டார்களா?’ இதற்கு விடை சொல்வது மிகக் கடினம். உணரிக்குத் தெரிவது அசைவு மட்டுமே. அசைவு இல்லை என்றால் ஆள் இல்லை என்று அது முடிவு கட்டிவிடும். ஆனால் அசையாமல் இருக்கும் மனிதர் இல்லாமல் போய்விட்டவர் அல்லவே!

இந்த வேறுபாடு பொதுக் கழிப்பறையில்தான் மிகக் கூர்மையாகத் தெரியும். அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் கையையாவது அசைப்பார். விளக்கு போனால் கையை மேலே தூக்கி ஆட்டுவார். கழிப்பறையில் தடுப்புச் சுவர்கள் உண்டு. அகச்சிவப்பு உணரிக்கு நேர்ப்பார்வை வேண்டும். தடுப்புக்கு அப்பால் இருப்பவர் அதற்குத் தெரியமாட்டார். உள்ளே தாழ்ப்பாள் போட்டு உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு கை ஆட்டினாலும் பயனில்லை. “ஐயோ, ஆள் இருக்கும்போதே லைட்டு போயிடுச்சே!” என்று குரல் கொடுக்கத்தான் முடியும்.

பொறியாளர்கள் இதற்கு மூன்று தீர்வுகளைக் கண்டார்கள்.

அ) கழிப்பறைக்கு மீயொலி உணரி. ஒலி சுவர்களில் பட்டுத் தெறித்துத் தடுப்புகளின் மேலும் கீழும் புகுந்து போகும். அதனால் மறைவில் இருப்பவரின் சிறு அசைவும் தெரியும். ஆனால் குளிர்சாதனக் காற்றையும் ஆடும் கதவையும்கூட அது ஆள் என்று நினைத்துக்கொள்ளக்கூடும்.

ஆ) இரட்டை உணரி. அகச்சிவப்பு, மீயொலி இரண்டும் ஒரே கருவியில். விளக்கைப் போடுவதற்கு இரண்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். எரியவைத்துக்கொண்டிருக்க ஒன்று போதும் என்று அமைக்கலாம்.

இ) தாமத நேரம். கடைசி அசைவுக்குப் பிறகு உடனே அணைக்காமல் 5, 10, 20 நிமிடம் காத்திருப்பது. மூன்றிலும் மலிவானது இதுதான்.

நம் நாட்டில் இன்னொரு தொல்லையும் உண்டு. அகச்சிவப்பு உணரி, உடல் வெப்பத்துக்கும் சுற்றுப்புற வெப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் பிடிக்கிறது. குளிர்நாட்டில் வேறுபாடு பெரிது. குளிர்சாதனம் இல்லாத நம் ஊர்க் கழிப்பறையில் பிற்பகல் வெப்பம் 33 டிகிரியை எட்டினால், அது நம் தோலின் வெப்பத்துக்கு மிக அருகில் வந்துவிடும். உணரியின் ‘பார்வை’ மங்கும். வெளிநாட்டு அளவுகளை அப்படியே இங்கே பொருத்தக்கூடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

5. எவ்வளவு மிச்சம்? எண்கள் சொல்லும் கதை

அமெரிக்காவின் ரென்சலர் பாலிடெக்னிக் கழகத்தைச் சேர்ந்த விளக்கொளி ஆய்வு மையமும் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தின. 2001இல் அது வெளிவந்தது. 24 மாநிலங்களில் 158 அறைகளை இரண்டு வாரம் கண்காணித்தார்கள். தனி அலுவலக அறை, வகுப்பறை, கூட்ட அறை, ஓய்வறை, கழிப்பறை என்று ஐந்து வகை. எந்த அறையில் மிச்சம் அதிகம் கிடைக்கும் என்று பார்த்தபோது, 5 நிமிடத் தாமதத்தில் முதலிடத்தில் வந்தது கழிப்பறை. விளக்குக்கான ஆற்றலில் 60 விழுக்காடு வரை மிச்சமாகும் என்று தெரிந்தது. தாமதத்தை 20 நிமிடமாக நீட்டினால் 47 விழுக்காடு.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 20 நிமிடம் காத்திருந்தாலும் ஏறத்தாழப் பாதி மிச்சம்! அவசரப்பட்டு அணைப்பதால் கூடுதலாகக் கிடைப்பது 13 விழுக்காட்டுப் புள்ளிகள்.

அந்த 13 நம் பணத்தில் எவ்வளவு? ஒரு கணக்குப் போடுவோம். ஒரு கழிப்பறையில் 18 வாட் எல்.இ.டி. குழல்விளக்கு நான்கு, நாள் முழுதும் எரிகின்றன என்று வைத்துக்கொள்வோம்.

மொத்தத் திறன்: 72 வாட்.
ஓர் ஆண்டுப் பயன்பாடு: ஏறத்தாழ 631 கிலோவாட் மணி.
60 விழுக்காடு மிச்சம்: ஏறத்தாழ 379 கிலோவாட் மணி.
47 விழுக்காடு மிச்சம்: ஏறத்தாழ 297 கிலோவாட் மணி.
வேறுபாடு: 82 கிலோவாட் மணி.

ஒரு யூனிட் 50 சென் என்று கணக்குக்காக வைத்தால், ஆண்டுக்கு 41 ரிங்கிட். மாதத்துக்கு மூன்றரை ரிங்கிட்கூட இல்லை. ஏறக்குறைய ஒரு தே தாரிக் காசு! அமெரிக்க விழுக்காட்டை நம் ஊருக்குப் பொருத்துவது தோராயம்தான். ஆனால் செலவு எந்த அளவு என்பது புரிந்துவிடும்.

டியூப் லைட் காலத்தில் நீண்ட தாமதத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அந்த விளக்கை அடிக்கடி போட்டு அணைத்தால் ஆயுள் குறையும். எல்.இ.டி.க்கு அந்தக் குறை பெரிதாக இல்லை. அதனால் இப்போது ஒரு நிமிடத்தில்கூட அணைக்கும்படி அமைக்க முடியும். முடியும் என்பதற்காக அப்படிச் செய்யலாமா என்பதுதான் கேள்வி.

6. தரநிலைகள் சொல்வது

ஆஷ்ரே தரநிலையின் 2010 பதிப்பு, தானியங்கி அணைப்பு கட்டாயமான அறைகளின் பட்டியலில் கழிப்பறையையும் சேர்த்தது. எல்லாரும் வெளியேறிய 30 நிமிடத்துக்குள் விளக்கு அணைய வேண்டும் என்றது. 2013 பதிப்பு அதை 20 நிமிடமாகக் குறைத்தது. இவை மேல்வரம்புகள். ‘இதற்குள் அணைய வேண்டும்’ என்றுதான் அவை சொல்கின்றன.

மலேசியாவில் கட்டட ஆற்றல் சிக்கனத்துக்கான எம்.எஸ். 1525 தரநிலை 2001இல் வந்தது. பசுமைக் கட்டடக் குறியீடு 2009இல் தொடங்கியது. சிங்கப்பூர் தன் பசுமைக் குறியீட்டுத் திட்டத்தை 2005இல் தொடங்கியது. மலேசியாவின் ஆற்றல் திறன், சேமிப்புச் சட்டம் 2025 ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்துவிட்டது. ஆக, இத்தகைய உணரிகள் இனிக் கூடுமே தவிரக் குறையப்போவதில்லை.

7. இருட்டு யாருக்கு?

உணரி எல்லாருக்கும் ஒரே விதிதான் வைக்கிறது. ஆனால் அந்த விதி எல்லாரையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. ஓர் இளைஞர் மூன்று நிமிடத்தில் வெளியே வந்துவிடுவார். அவருக்கு விளக்கு அணையும் என்பதே தெரியாது. முழங்கால் வலியோடு மெதுவாக எழும் பாட்டி, சக்கர நாற்காலியிலிருந்து இடம் மாறும் ஒருவர், வயிற்றுவலியோடு நெடுநேரம் உட்கார்ந்திருப்பவர், தனியாக உள்ளே போன சிறு குழந்தை, இவர்கள்தான் அதிக நேரம் எடுப்பவர்கள். குறைவாக அசைபவர்களும் இவர்களே. ஈரத்தரையில் இருட்டில் எழுந்து நடக்க வேண்டிய நிலை வந்தால், விழுந்து அடிபடக்கூடியவர்களும் இவர்கள்தான்.

அப்படியானால் உணரியே வேண்டாமா? அப்படிச் சொல்வது தவறு. ஆளில்லாத அறையில் இரவெல்லாம் விளக்கு எரிவது நியாயமே இல்லை. கருவியை அமைக்கும் விதத்தில்தான் தீர்வு இருக்கிறது. தாமதத்தை 15, 20 நிமிடமாக வைக்கலாம். தடுப்புகளுக்கு மேலிருந்து உள்ளே பார்க்கும்படி உணரிகளைப் பொருத்தலாம். எல்லா விளக்கையும் உணரியிடம் ஒப்படைக்காமல் ஒன்றை மட்டும் எப்போதும் எரியவிடலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறைக்குத் தனி உணரியும் நீண்ட தாமதமும் கொடுக்கலாம். இதற்கெல்லாம் ஆகும் செலவு சிறியது என்பதை மேலே உள்ள கணக்கே சொல்லிவிட்டது.

உங்கள் பள்ளியிலோ குடியிருப்பிலோ உணரி இருந்தால் இந்த வாரமே சோதித்துப் பாருங்கள். கடைசித் தடுப்பறைக்குள் சென்று கதவை மூடி, அசையாமல் நின்று, எத்தனை நிமிடத்தில் விளக்கு அணைகிறது என்று கைக்கடிகாரத்தில் குறியுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் அணைந்தால் நிர்வாகத்திடம் சொல்லுங்கள். பல உணரிகளில் தாமதத்தை மாற்ற ஒரு சின்னத் திருகோ பொத்தானோ இருக்கும். பராமரிப்புப் பணியாளர் ஏணி போட்டு ஏறினால் சில நிமிட வேலை.

வகுப்பறைக்கு

கலைச்சொற்கள்: இருப்பு உணரி, அகச்சிவப்புக் கதிர், மீயொலி, வெப்பமின் விளைவு, அதிர்வெண், தாமத நேரம், தரநிலை, ஆற்றல் சிக்கனம்.

கட்டுரைக்கான கருத்து வரிசை: (1) பொதுச் சொத்தில் பொறுப்பு சிதறுவது, (2) 1973 எண்ணெய் நெருக்கடியால் வந்த மாற்றம், (3) எச்சரிக்கைக் கருவி விளக்குக் கருவியானது, (4) அசைவின்மையும் ஆளின்மையும் ஒன்றல்ல, (5) சிக்கனமும் பாதுகாப்பும் சேர்ந்த தீர்வு. ஒவ்வொன்றுக்கும் மேலே ஓர் ஆண்டோ எண்ணோ எடுத்துக்காட்டோ இருக்கிறது. அதைச் சேர்த்து எழுதினால் பத்தி வலுப்பெறும்.

கலந்துரையாட:

அ) ‘மனிதனின் பொறுப்பைக் கருவியிடம் கொடுத்தால் மனிதன் பொறுப்பற்றவனாகிவிடுவான்.’ பொதுக் கழிப்பறை விளக்கை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கருத்தை ஏற்றோ மறுத்தோ பேசுக.

ஆ) 5 நிமிடத் தாமதம், 20 நிமிடத் தாமதம் ஆகிய இரண்டில் உங்கள் பள்ளிக்கு எதைப் பரிந்துரைப்பீர்கள்? காரணங்களோடு தலைமையாசிரியருக்கு ஓர் அதிகாரப்பூர்வக் கடிதம் எழுதுக.

இ) மேலே உள்ள கணக்கில் விளக்குகளின் எண்ணிக்கையையும் வாட்டையும் உங்கள் பள்ளிக்கு ஏற்ப மாற்றி, ஆண்டு மிச்சத்தைக் கணக்கிடுக. கணித ஆசிரியரோடு சேர்ந்து இதை நடத்தினால் ஒரு பாடவேளை போதும்.